எலும்புக்குப் படம் எடுக்க எங்கே போகலாம்: கிளினிக்கா, ஸ்கேன் சென்டரா, ஆசாரிப்பள்ளமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டமோ தக்கலையோ நாகர்கோவிலோ, எலும்பு டாக்டர் "ஒரு படம் எடுத்துட்டு வாங்க" என்றதும் வரும் கேள்வி இதுதான்: இங்கேயே எடுக்கவா, வெளியே எடுக்கவா? என் கணக்கு இப்படி. எக்ஸ்ரே என்றால் கிளினிக்கிலேயே எடுத்துவிடலாம். எம்ஆர்ஐ என்றால், அவசரம் இல்லாத பட்சத்தில், முதலில் நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் பார்ப்பேன்.

கிளினிக் எக்ஸ்ரேயில் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கோணம் சரியில்லை என்றால் டாக்டர் அப்போதே இன்னொன்று எடுக்கச் சொல்வார். முட்டு வலியோடு வரும் வயதானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். படுக்க வைத்து எடுத்தால் முட்டில் உடம்பின் எடை இறங்காது. இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருப்பதுபோல் தெரியும். முட்டு நன்றாகத் தேய்ந்திருந்தால், அதே ஆளை நிற்க வைத்து எடுக்கும்போது எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருக்கும். சீட்டில் வெறுமனே 'எக்ஸ்ரே, முட்டு' என்று இருந்தால் வெளி சென்டரில் படுக்க வைத்தே எடுத்துவிடக்கூடும். வெளியே போவதானால் 'நின்றபடி, இரண்டு முட்டும்' என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையை ஊன்றி விழுந்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலிக்கிறதா? அங்கே இருக்கும் சின்ன எலும்பில் விரிசல் விட்டால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு படம் கேட்டால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். "படத்துல ஒண்ணுமில்ல" என்று நேரே ஆசானிடம் (நாட்டு வைத்தியர்) உழிச்சலுக்கு (எண்ணெய் தேய்த்து நீவுவது) போய்விடவும் வேண்டாம்.

கதிர்வீச்சுப் பயம் நம் ஊரில் கொஞ்சம் அதிகம். கை, கால் எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது சுமார் 0.001 மில்லிசீவர்ட் (உடம்பில் இறங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதற்குள் கதிர்வீசும் தோரியமும் இருப்பதால் அந்தப் பக்கம் அளவு இன்னும் கூடுதல். யோசிக்க வேண்டியது சிடி ஸ்கேனுக்குத்தான். முதுகெலும்பு சிடி ஒன்றே சில மில்லிசீவர்ட் வரும். எம்ஆர்ஐயில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. கர்ப்பமாக இருந்தால் எந்தப் படமானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் சிடி தேவைப்படும் இடங்கள் உண்டு. தென்னையிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியவருக்கு, எத்தனை துண்டு, எது எங்கே நகர்ந்திருக்கிறது என்பதை சிடிதான் காட்டும். அப்படி விழுந்தவருக்கு முதுகெலும்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலில் இறங்கிய அடி நடுமுதுகு வரை ஏறியிருக்கலாம். ஜவ்வு, தசைநார், டிஸ்க் என்றால் எம்ஆர்ஐ. சாதாரண இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் எம்ஆர்ஐ பெரும்பாலும் தேவைப்படாது. கால் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

சரி, எம்ஆர்ஐ எங்கே? ஆசாரிப்பள்ளத்தில் செலவு தனியாரைவிட வெகு குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். எலும்புப் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் ஆபரேஷன் என்றால் வேறு இடம் தேட வேண்டாம். ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், ஸ்கேனுக்குத் தேதி வாங்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். தினக்கூலிக்காரருக்கு இரண்டு பேரின் ஒரு நாள் சம்பளமும் இதில் போகும். நாகர்கோவில் தனியார் சென்டர்களில் பணம் கூடுதல், வேலை சீக்கிரம் முடியும். சீட்டில் ஒரு சென்டரின் பெயர் அச்சடித்திருந்தால் அங்கேதான் போக வேண்டும் என்று சட்டமில்லை. நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. "அங்கே படம் பார்க்கிற ரேடியாலஜிஸ்ட் எலும்பில் கெட்டிக்காரர்" என்று டாக்டர் சொன்னால் மட்டும் நான் கேட்பேன். இல்லையென்றால் இரண்டு இடத்துக்குப் போன் போட்டு விலை கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

3 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷின் (டெஸ்லா என்பது அதன் காந்த பலத்தின் அளவு) என்று திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். முட்டு ஜவ்வுக் கிழிசலுக்குப் பெரும்பாலும் 1.5 டெஸ்லாவே போதும். இடுப்பு வலியோடு அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்து போவதை நினைத்தாலே எனக்கு வலிக்கிறது.

தோள் வலிக்கு அல்ட்ராசவுண்டும் நல்ல வழி. கையைத் தூக்கச் சொல்லி, தசைநார் அசைவதை அப்படியே பார்க்கலாம். ஆனால் எல்லா எலும்பு கிளினிக்கிலும் அந்த மெஷின் இருக்காது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

எம்ஆர்ஐக்குப் போகும்போது உடம்பில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, பழைய பிளேட், ஸ்க்ரூ இருக்கிறதா, வெல்டிங், கிரைண்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் துகள் ஏறியதுண்டா என்று கேட்பார்கள். அவசரத்தில் "இல்லை" என்று தலையாட்டாமல் யோசித்துச் சொல்லுங்கள். டைட்டானியம் பிளேட்டுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பழைய ஆபரேஷன் சீட்டு கையில் இருந்தால் உடனே தெரிந்துவிடும். எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு, படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தேடுவது அதைத்தான்.