காங்கேயம் மாமாவுக்கு முதலிலா, கார்டுக்கு முதலிலா?

அண்ணன் வீட்டில் இருந்த கடன்களை நான் ஒரே தாளில் எழுதி முடித்தபோது சனிக்கிழமை இரவு பத்து மணி. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அண்ணன் ஓவர்லாக் டெய்லர், நங்கை செக்கிங் பகுதியில் வேலை. (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.) நான் வேறொரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கம்பெனிக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் ஆடிட்டர் கூப்பிட்டுக் கேட்பார். வீட்டுக் கணக்கைக் கேட்க யாரும் இல்லை, அதனால்தான் அந்தத் தாள்.

தாளில் இருந்தவை நான்கு. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கிய 60,000. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மகளிர் குழுக் கடனில் மீதி 30,000, அதற்கும் ஏறக்குறைய அதே வட்டி, மாதத் தவணை 2,000. கடைசியாகக் காங்கேயம் மாமாவிடம் வாங்கிய கைமாற்று 15,000. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளை விற்ற பணத்திலிருந்து அவர் எண்ணிக் கொடுத்தது. வட்டி கிடையாது, காகிதமும் கிடையாது.

ஆக 1,45,000. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் 12,000 ஒதுக்கலாம். அந்தப் பன்னிரண்டாயிரம் எங்கே முதலில் போவது என்பதில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் வழக்கு.

நங்கை சொன்னது: சின்னதை முதலில் முடிக்க வேண்டும். மாமாவை முடித்து, குழுவை முடித்து, பிறகு மற்றவை. தாளில் ஒவ்வொரு வரியாக அடிக்கப்பட்டால்தான் கைக்குத் தெம்பு வரும். அண்ணன் சொன்னது: வட்டி கூடியதை முதலில் அடிக்க வேண்டும். மாமா வட்டியா கேட்கிறார், அவர் கடைசியில் இருக்கட்டும்.

இரண்டையும் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். முறை வராத கடன்களுக்குக் கட்டாயத் தவணை மட்டும்: குழுவுக்கு 2,000, வட்டிக்காரருக்கு 1,200, கார்டுக்கு 2,000. மீதி முழுவதும் முறை வந்த கடனுக்கு.

அண்ணன் வழியில் ஆறாம் மாதம் கார்டு முடிகிறது, எட்டாம் மாதம் குழு, பதின்மூன்றாம் மாதம் இரண்டு வட்டிக்காரர், பதினான்காம் மாதம் மாமா. மொத்த வட்டி 20,296 ரூபாய். நங்கை வழியில் மூன்றாம் மாதமே மாமா கணக்குத் தீர்ந்துவிடும், ஆறாம் மாதம் குழுவும் தீரும். ஆனால் கார்டு பத்தாம் மாதம் வரை இழுக்கிறது, எல்லாம் முடிய பதினைந்தாம் மாதம். வட்டி 27,429. வித்தியாசம் 7,133 ரூபாய். (கார்டு வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் நங்கை வழிக்கு இன்னும் பாதகம்.)

அண்ணன் ஜெயித்துவிட்டதாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நங்கை ஒரே கேள்வி கேட்டார்: மாரியம்மன் நோம்பிக்குக் காங்கேயம் போகும்போது மாமா முகத்தை யார் பார்ப்பது? பதினான்கு மாதத்தில் ஒரு நோம்பி, இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து வரும். ஒவ்வொன்றிலும் மாமா எதுவும் கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதுதான் அங்கே வட்டி. அடுத்த முறை ஆஸ்பத்திரிச் செலவு என்று ஓடும்போது காகிதமில்லாமல் கொடுக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் என்பதையும் நங்கை சொன்னார். கார்டு கம்பெனிக்கு அந்தக் குணம் இல்லை.

நியாயம்தான். ஆனால் முகத்துக்கு 7,133 ரூபாய் அதிகம் என்று எனக்குப் பட்டது. அதனால் மூன்றாவதாக ஒரு கணக்குப் போட்டேன்: மாமாவுக்கு மாதம் ஆயிரம், தவறாமல், முதல் வாரத்திலேயே. மீதியெல்லாம் அண்ணன் சொன்ன வரிசை. இதிலும் பதினான்காம் மாதமே எல்லாம் முடிகிறது. வட்டி 22,440. அண்ணன் வழியைவிட 2,144 ரூபாய்தான் கூடுதல். முகத்துக்கு அந்த விலை கொடுக்கலாம்.

வட்டி கூடியதை முதலில் அடைக்கச் சொல்வோரும், சின்னதை முதலில் அடைக்கச் சொல்வோரும் மற்றவரை முட்டாளாகப் பார்ப்பது வழக்கம். இரண்டு பேரும் தங்கள் கடனைத் தாளில் போட்டுப் பார்த்தால் சண்டை பாதியாகிவிடும். பல வீடுகளில் சின்னக் கடனே வட்டி கூடிய கடனாகவும் இருக்கும். அங்கே வழக்கே இல்லை.

நகையா, சீட்டா?

வரிசையை மாற்றுவதைவிட வட்டியையே மாற்றுவது பெரிய அடி. நங்கையின் வளையலும் ஆரமும் பீரோவில் இருந்தன. வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதத்தில் ஒரு லட்சம் நகைக் கடன் வாங்கி, கார்டையும் இரண்டு வட்டியையும் ஒரே நாளில் முடித்தால் என்ன ஆகும்? அவ்விரண்டுக்கும் முதல் மாதம் 2,600 ரூபாய் வட்டி போன இடத்தில் 750 போகும். அதே பன்னிரண்டாயிரத்தில், குழு, நகை, மாமா என்ற வரிசையில் பதின்மூன்றாம் மாதம் எல்லாம் முடிகிறது.

வழி | மொத்த வட்டி | முடியும் மாதம்
சின்னது முதலில் | 27,429 | 15
வட்டி கூடியது முதலில் | 20,296 | 14
அதுவே, மாமாவுக்கு மாதம் ஆயிரத்தோடு | 22,440 | 14
நகையை வைத்து இரண்டை முடித்தால் | 6,886 | 13

கடைசி வரியைப் பார்த்ததும் மற்ற மூன்றையும் கிழித்துப் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நகைக் கடன் சத்தமில்லாத கடன். வாரம் வாரம் யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். முழுத் தொகையும் கட்டித் திருப்பித்தான் மறுபடி வைக்க வேண்டும் என்று வங்கி சொன்னால், அந்த ஒரு நாளைக்குக் கைவட்டிக்குப் பணம் புரட்டுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் தேர்தலுக்குக் காத்திருக்கும். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது உண்மை. நிபந்தனைகளில் சிக்கிப் பட்டியலில் பெயர் வராமல் ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதும் உண்மை. தள்ளுபடியை நம்பிக் கட்டாமல் விட்டவர்களுக்கு வட்டிதான் ஏறியது.

எனவே நகையை வைப்பதானால் இரண்டு நிபந்தனை. பகுதி பகுதியாகக் கட்டினால் அசலில் கழிப்பார்களா என்று வைக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கார்டு காலியான மறுநாள் அதில் துணி எடுக்கப் போகக் கூடாது. இரண்டாவதுதான் கடினம்.

சீட்டைப் பற்றி அண்ணனுக்கு ஆசை அதிகம். கொங்கு நாட்டில் சீட்டுப் போடாத வீடு அபூர்வம். இருபது பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சீட்டு. இரண்டாம் மாதமே 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து எடுத்தால் கையில் 75,000 வரும், அதை வைத்து அடைத்துவிடலாம் என்பது அவர் திட்டம். தள்ளுத் தொகை எல்லோருக்கும் பங்காகக் கழிந்து தவணை சராசரி 4,500 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கட்டிய 9,000 போக உண்மையில் கைக்கு வந்தது 66,000. அதற்குப் பதினெட்டு மாதம் 4,500 கட்ட வேண்டும், மொத்தம் 81,000. வட்டியாக்கிப் பார்த்தால் மாதம் 2.25 சதவீதம். இரண்டு வட்டிக்காரரை அடைக்க இரண்டேகால் வட்டிச் சீட்டு! கார்டை மட்டும் அடைப்பதானால் லாபம் உண்டு. கடைசி மாதங்களில் எடுக்கிறவருக்குச் சீட்டு நல்ல சேமிப்பு. முதலில் எடுக்கிறவருக்கு அது கடன்தான், பெயர்தான் வேறு.

அது போக, பதிவில்லாத சீட்டில் ஒருமுறை நான் பதினொரு தவணை இழந்திருக்கிறேன். நடத்தியவர் ஒரு நாள் காலையில் வீட்டைக் காலி செய்துவிட்டார். 1982ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்த சீட்டுக்கு முன் அனுமதி, பாதுகாப்பு வைப்பு, நடத்துபவருக்கு உச்சவரம்போடு கமிஷன் (2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம்) எல்லாம் உண்டு. பக்கத்து வீதி அக்கா நடத்தும் சீட்டுக்கு அவர் முகம் மட்டும்தான் பத்திரம்.

கையிருப்பு வைப்பதா, எல்லாவற்றையும் கட்டுவதா?

அண்ணனுக்குக் கையில் பணம் நின்றால் பிடிக்காது, அன்றே கட்டிவிட வேண்டும். நங்கை ஒரு மாதச் செலவை ஒதுக்கிவிட்டுத்தான் கட்டத் தொடங்க வேண்டும் என்றார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர் நின்ற கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. சில வாரம் அதுவும் இல்லை. அப்போதுதான் அண்ணனும் நங்கையும் பத்து வாரக் கடனில் விழுந்தார்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்கள், வாரம் ஆயிரம் பத்து வாரம். கேட்டால் பதினைந்து சதவீதம்தான் போலத் தோன்றும். அசல் வாரம் வாரம் குறைந்துகொண்டே போவதால் உண்மையான வட்டி மாதத்துக்குப் பதின்மூன்றுக்கும் மேல். தமிழ்நாட்டில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வசூல்காரரின் பைக் சத்தமும் சனிக்கிழமை மாலை தவறாமல் கேட்கிறது.

அதற்காகப் பன்னிரண்டாயிரத்தை ஒதுக்கி வைத்தால், அந்தப் பணம் கார்டுக்குப் போகாமல் நிற்பதற்கு மாதம் 420 ரூபாய் வட்டி. ஒரு பத்து வாரக் கடனில் போவது 1,500. ஆக வேலையில்லாத வாரம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தால்தான் அது கட்டுப்படியாகும். ஐந்தாயிரம் என்றால் மாதம் 175 ரூபாய். நான் ஐந்தாயிரம் என்றேன். நங்கைக்கு முழுத் திருப்தி இல்லை. வேலை போகும் பயத்தை அனுபவித்தவர் அவர், மாதச் சம்பளக்காரன் நான். அதனால் இதில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

வரவு செலவு எழுதும் முறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதப் பட்ஜெட் மாதச் சம்பளக்காரருக்கு. வாரக் கூலி வீட்டுக்குச் சனிக்கிழமை கவர்தான் பொருந்தும்: சம்பளம் வந்த இரவே கடனுக்கு 3,000 ஒரு கவரில். நான்கு வாரம், பன்னிரண்டாயிரம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். மாதப் பட்ஜெட்டில் அந்த ஐந்தாவது வாரம் பிரியாணியாகவும் புதுச் செருப்பாகவும் கரைந்துவிடும். கவரில் போட்டால் ஆண்டுக்கு 12,000, ஒரு முழு மாதத் தவணை இலவசமாகக் கிடைத்த மாதிரி. தீபாவளி போனஸையும் அப்படியே போடலாம் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள், அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கடைசியில் வளையலை மட்டும் வைத்துக் கார்டை முடித்தார்கள். ஆரத்தைத் தர நங்கைக்கு மனமில்லை. இரண்டு வட்டி அப்படியே ஓடுகிறது, மாமாவுக்கு மாதம் ஆயிரம் போகிறது. கார்டை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டதாக அண்ணன் சொன்னார். வெட்டினால் கணக்கு மூடாது, மூடச் சொல்லி வங்கியிடம் கேட்க வேண்டும், பாக்கியில்லாவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்றார். மூன்று சனிக்கிழமை போய்விட்டது.