பாவித்த சுவிட்ச் கார்ட் வாங்குகிறவர்கள் கவனம்: "எல்லாம் ஒன்றுதான்" என்பதை நம்பாதீர்கள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் நெட்வொர்க்கை நான் பார்த்து வருகிறேன். எங்களிடம் இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 6509 சேசிஸ் (கார்டுகளைச் செருகும் பெரிய சுவிட்ச் பெட்டி), அதை நடத்தும் தலைமைக் கார்டான சூப்பர்வைசர் 720, கேபிள் செருகும் 48 கிகாபிட் போர்ட் உள்ள 6748 லைன் கார்ட் ஒன்று. போர்ட் போதாததால் கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம் இன்னுமொரு 6748 கேட்டு, முழுக் காசையும் முதலிலேயே அனுப்பினேன். இரவு பஸ்ஸில் வாழைச்சேனையில் வந்து இறங்கியது 6148 என்ற பழைய கார்ட்.

"48 போர்ட், கிகாபிட், எல்லாம் ஒன்றுதான் தம்பி, போட்டுப் பாருங்கள்" என்றார் விற்றவர். சரி என்று போட்டேன். பச்சை லைட் எரிந்தது, ஒவ்வொரு போர்ட்டும் 1 கிகாபிட் என்றே காட்டியது. ஏமாறுகிற இடம் இதுதான்.

கமராப் பதிவு சர்வர்களையும் பேக்கப் சர்வரையும் முதல் எட்டுப் போர்ட்டுகளில் வரிசையாகச் செருகினேன். இரவில் பேக்கப் ஓடத் தொடங்கியதும் கமராப் பதிவு துண்டு துண்டாக விடுபட்டது. கேபிள் மாற்றினேன், ஹார்ட் டிஸ்க் மாற்றினேன், இரண்டு கிழமை வீணாகப் போனது. கடைசியில் சுவிட்சில் போர்ட் கணக்கைக் காட்டும் கவுண்டரைப் பார்த்தால் அந்த எட்டிலும் பாக்கெட் (தரவுத் துண்டு) போய்ச் சேராமல் விழுந்துகொண்டிருந்தது. பேக்கப் சர்வரை 9ஆம் போர்ட்டுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

எனக்கு வந்த 6148-ஜிஇ-டிஎக்ஸ் கார்டில் போர்ட்டுகள் எட்டு எட்டாக ஆறு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு மொத்தமே 1 கிகாபிட்தான். கார்ட் முழுவதும், பழைய கார்டுகள் எல்லாம் பங்குபோடும் 32 கிகாபிட் பாதையில் ஓடுகிறது. 6748க்கோ ஃபேப்ரிக்கோடு (கார்டுகளைத் தனித்தனிப் பாதையில் இணைக்கும் பகுதி) தனியாக 40 கிகாபிட் உண்டு. பழைய கார்ட் ஒன்று உள்ளே இருந்தாலே சூப்பர்வைசர் பாக்கெட் அனுப்பும் அளவும் விநாடிக்கு 3 கோடியிலிருந்து ஒன்றரைக் கோடிக்கு இறங்கும். எங்கள் ஹோட்டலுக்கு அது தைக்கவில்லை, பெரிய இடத்துக்குத் தைக்கும்.

சண்டை பிடித்த பிறகு அதை எடுத்துக்கொண்டு 6748 கொடுத்தனுப்பினார். அதன் மேல் இருந்தது டிஎஃப்சி3ஏ துணைப்பலகை (பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று கார்டிலேயே தீர்மானிப்பது). எங்கள் சூப்பர்வைசரில் அதே வேலைக்கு இருப்பது அதைவிடப் புதிய பிஎஃப்சி3பி. ஓடிக்கொண்டிருந்த சேசிஸில் செருகினால் கார்ட் உயிர் பெறவில்லை. கொண்டுவந்த பொடியன் என்னிடம் ஒரு சொல் கேட்காமல், விருந்தினர் பில் கட்டுகிற நேரத்தில் சேசிஸை ரீபூட் பண்ணிவிட்டான். பில் போட முடியாமல் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்தபோது கார்ட் எழும்பியது, ஆனால் சேசிஸ் முழுவதும் 3ஏ நிலைக்கு இறங்கியிருந்தது. தலைமுறை கலந்தால் பழையது எதுவோ அதன் அளவுக்குத்தான் மற்றதும் வேலை செய்யும். இந்தச் சாமானையே விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாதென்று நான் நம்ப மாட்டேன்.

காசு அனுப்புமுன் கார்டை ஒரு சேசிஸில் போட்டு, 'ஷோ மொட்யூல்' கட்டளை காட்டுவதை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கார்டின் முழு மாடல் இலக்கமும், கீழே துணைப்பலகையின் இலக்கமும் அதில் வரும். அதே இலக்கங்களைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "48 போர்ட் கிகாபிட் கார்ட் - 1" என்று மட்டுமே இருந்தது. அதைக் காட்டித்தான் காசைத் திருப்பித் தர மறுக்கிறார். கார்டைக் கழற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன், போர்ட் இன்னும் போதவில்லை.