காலையில் ஆடும் ஐடிலிங்கைக் காட்டி என்ஜின் கம்ப்யூட்டர் (இசிஎம்) வரை விற்கப் பார்த்தார்கள்: பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, என்ஜின் ஆடுகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, கொஞ்ச நேரம் போனால் சரியாகிவிடுகிறது. இந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப் போகப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் பெரிய போர்டு வைத்த ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு 11,650 ரூபாய் போனது. கோளாறு அப்படியே இருந்தது. அதற்கு மேல் 28,000 ரூபாய்க்கு இன்னொரு எஸ்டிமேட்டையும் நீட்டினார்கள். கடைசியில் பழுது 420 ரூபாய் ரப்பர் ஹோஸில் இருந்தது.

என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் ஹாட்ச்பேக். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் 1,200, 1,500 ஆர்பிஎம் வரை நிற்பதும், சூடாகச் சூடாக 700, 800-க்கு இறங்குவதும் இயல்புதான். அதைக் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் வண்டி அப்படி இல்லை. ராத்திரி முழுக்க நின்றபின் சாவியைத் திருப்பினால் முள் 1,300-க்குப் போகும், சடாரென்று 500-க்கு விழும், மறுபடி ஏறும். ஸ்டீயரிங் நடுங்கும். சில நாள் ஆஃப் ஆகிவிடும். ஓடிச் சூடான பிறகு ஒன்றுமே தெரியாது.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது என்ஜின் நல்ல சூடு, ஐடிலிங்கும் சீராக இருந்தது. சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரைச் செருகினார், ஏதோ எரர் கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது, உடனே அழித்துவிட்டார். என்ன கோட் என்று கேட்டேன். "பழைய எரர் சார், க்ளியர் பண்ணியாச்சு" என்றார். ஜாப் கார்டிலும் எழுதவில்லை. எரர் கோடை அழித்தால், அது பதிவான நேரத்தில் என்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது, எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்த விவரமும் சேர்ந்தே அழிந்துவிடும். எப்போதாவது வரும் கோளாறைக் கண்டுபிடிக்க இருக்கிற முதல் தடயமே அதுதான்.

முதலில் திராட்டில் பாடி (என்ஜினுக்குள் காற்றை அளவாக விடும் வால்வு) க்ளீனிங், நான்கு ஸ்பார்க் பிளக். திராட்டிலில் கரி படிந்தால் ஐடிலிங் ஆடும் என்பது உண்மை. பழைய பிளக்காலும் காலையில் மிஸ்ஸிங் அடிக்கும். ஆகவே சரியென்று சொன்னேன். மறுநாள் காலை அதே ஆட்டம். திரும்பப் போனால் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். அதையும் மாற்றினார்கள், ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து இசிஎம், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரே பழுது, 28,000 ஆகும், பாதியை அட்வான்ஸாகக் கட்டுங்கள் என்றார்கள். இவ்வளவுக்கும் வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒருவரும் பார்க்கவில்லை. நான் எடுத்த வீடியோவைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. கோளாறைக் கண்ணால் பார்க்காமலேயே மூன்று பார்ட்டுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த ஆக்சிஜன் சென்சார் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதைத்தான் விற்கிறார்கள். அந்த சென்சார் சைலன்சர் பக்கம், புகை போகும் பாதையில் இருக்கிறது. சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலை செய்யும். அதுவரை கம்ப்யூட்டர் அதன் ரீடிங்கைக் கணக்கில் எடுப்பதில்லை, தன்னிடம் உள்ள அட்டவணையை வைத்துத்தான் பெட்ரோல் விடுகிறது. என் வண்டி ஆடியது ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில். அந்த நேரத்துக் கோளாறுக்கு, அந்த சென்சாரைச் சோதிக்கக்கூடச் செய்யாமல் 6,200 ரூபாய்க்கு மாற்றியிருக்கிறார்கள்.

இசிஎம் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நண்பர் ஒருவர் சொல்லி, ஊருக்கு வெளியே சின்ன ஷெட் வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, சூடா இருக்கிற வண்டியில நான் என்னத்தப் பாக்குறது? ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல ஏழு மணிக்கு வாங்க" என்றார்.

காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ஸ்கேனரை மாட்டி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் காட்டினார். ஒன்று 27 டிகிரி, இன்னொன்று 28. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் தப்பாகக் காட்டினால், குளிர்ந்த என்ஜினைச் சூடானது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும், காலையில் வண்டி திணறும். காசு செலவில்லாமல் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

அப்புறம் ஸ்டார்ட். வழக்கமான ஆட்டம். கொஞ்சம் சூடேறியதும் ஃப்யூயல் ட்ரிம் என்கிற எண்ணைக் கவனிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலிங்கில் 24 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் 6-க்கு இறங்கியது. "கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது" என்றார். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். வேகம் கூட்டினால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: இந்தக் கணக்கு உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்கு. இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் வண்டிகளில் கசிவு இருந்தால் ட்ரிம் இப்படி எகிறாமல் ஐடிலிங் வேகம் மட்டும் கூடிப்போகலாம்.

இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே கையை விட்டு, பிசிவி ஹோஸின் (என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) வளைவை விரலால் அழுத்தினார். ஆட்டம் நின்றது. விட்டார், மறுபடி ஆடியது. கழற்றிக் காட்டியபோது உள்வளைவில் நகத்தை நுழைக்கும் அளவுக்கு வெடிப்பு. ரப்பர் காய்ந்து கட்டையாகியிருந்தது. சூடேறினால் ரப்பர் இளகி வெடிப்பு ஓரளவு மூடிக்கொள்ளும், மீதியைக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டிவிடும். காலையில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஹோஸ் 420, கூலி 600.

பிளக்கையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கழற்றினார். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. பில்லில் புது பிளக் நான்கு, 2,600 ரூபாய். வண்டியில் இருந்தவை பழையவை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த கோடுகள் பளபளத்தன. நடு முனை மழுங்கி உருண்டுபோய், இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. என் வண்டிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது.

உங்கள் வண்டிக்கு இதே கோளாறு என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, குளிர்ந்த நிலையில் உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முடியாது என்கிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். ஸ்கேனரில் வரும் எரர் கோடை அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள், எந்தப் பார்ட் பழுது என்று அது சொல்லாது. மாற்றுகிற ஒவ்வொரு பார்ட்டின் பழைய துண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இசிஎம் என்ற பேச்சு எடுத்தால், அதற்கு வரும் கரண்டையும் எர்த்தையும் சோதித்தீர்களா என்று கேளுங்கள். சோதிக்காமல் இசிஎம்மைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பில்லையும் பழைய பிளக்குகளின் படத்தையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன்பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டு, "ஸ்டோர்ல மாறிப்போச்சு சார்" என்று சொல்லி பிளக்குக்கான 2,600-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். சென்சார் வண்டியில்தானே இருக்கிறது, அதற்குத் தரமுடியாது என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். வெடித்த ஹோஸ், பிளக்குகள், பில்கள், அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.