ஸ்டீயரிங் ஆட்டம்: பெட்டித் திருகா, டை ராட் முனையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், சஸ்பென்ஷனை உயர்த்திய பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுபவர்களுக்கு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் அசையாத இந்த ஆட்டம் புதிதல்ல. பட்டறையில் முதலில் கை போவது ஸ்டீயரிங் பெட்டியின் (திருப்பலைச் சக்கரப் பக்கம் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) திருகுக்குத்தான். செலவில்லை, ஆட்டமும் உடனே குறையும். கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டாலோ, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. உள்ளே பல்லும் தேயும்.

டை ராட் முனை என்பது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனியிலுள்ள மூட்டு. அதை மாற்றக் காசு ஆகும், சக்கர அலைன்மெண்டும் பார்க்க வேண்டும். இருந்தும் நான் அதன் பக்கமே. ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் அசைக்க, இன்னொருவர் மூட்டில் கை வைத்தால் தேய்ந்தது தெரிந்துவிடும். (பெட்டியைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டையும் பாருங்கள், பெரிய டயர் போட்டால் தளரும்.) மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்தால் மட்டும் திருகைத் தொடலாம், அதுவும் சக்கரம் நேராக நிற்கும்போது, சிறிது சிறிதாக.

குழியில் இறங்கும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரண்டும் உதவாது. உயர்த்தியதால் சாய்ந்துபோன டிராக் லிங்கைத்தான் (drag link, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) சரிசெய்ய வேண்டும்.