கோபோ டூல்பாக்ஸ்: சூழல் சட்ட மீறலுக்கு என்ன தண்டனை என்று மக்களிடம் கேட்க உதவுமா?

ஆற்றில் சாயக்கழிவை விடுபவரைத் தண்டிக்கலாமா என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பதிலால் பயனும் இல்லை. யாருக்கு, எத்தனையாவது தவறுக்கு, என்ன தண்டனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். இந்த வேலைக்குக் கூகுள் ஃபார்ம்ஸைவிட, களத்தில் கருத்துக்கணிப்பு நடத்த உதவும் படிவக் கருவியான கோபோ எவ்வளவோ மேல்.

திருப்பூர்ச் சாயத்தொழிலை எடுத்துக்கொள்வோம். சிறு பட்டறை அல்லது பெரிய ஆலை, முதல் தவறு அல்லது மூன்றாம் தவறு: ஆக ஒரே கேள்விக்கு 4 வடிவங்கள். படிவத்தின் கால்குலேட் (கணக்கிடும்) வரியில் ரேண்டம் எண், அதாவது குலுக்கல் எண் எடுத்து, ஆளுக்கு ஒரு வடிவத்தை மட்டும் காட்டச் செய்யலாம். கூகுள் ஃபார்ம்ஸ் கேள்விகளின், விடைகளின் வரிசையைத்தான் குலுக்கும். ஆனால் கோபோவில் ரேண்டமை 'ஒன்ஸ்' (ஒருமுறை மட்டும் கணக்கிடு) என்ற கட்டளைக்குள் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சேமித்த படிவத்தை மறுபடி திறக்கையில் எண் மாறி, பட்டறைக்குச் சொன்ன பதில் ஆலையின் கணக்கில் ஏறிவிடும். பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

விடைகளாக எச்சரிக்கை, அபராதம், மின் துண்டிப்பு, மூடல், சிறை ஆகிய ஐந்தையும் வையுங்கள். நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு மூடலுக்கும் மின் துண்டிப்புக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. அபராதமா சிறையா என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 5 ஆண்டு வரை இருந்த சிறை, ஏப்ரல் 2024 முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையிலான தண்டத்தொகையாகிவிட்டது. அந்தத் தொகையைக் கேள்வியில் காட்டாதீர்கள், பதில்கள் அதைச் சுற்றியே வரும். அபராதம் என்பவர்கள் எண்ணை அவர்களே சொல்லட்டும்.

விடைகளின் வரிசையை மாற்றிக் காட்டும் கோபோவின் ரேண்டமைஸ் வசதி 'தெரியாது' என்ற விடையையும் சேர்த்துக் குலுக்குவது எரிச்சல். நல்லவேளை, லேசிலிருந்து கடுமைக்குப் போகும் இந்தப் பட்டியலுக்கு அது தேவையில்லை.

சிக்னல் இல்லாத ஊரிலும் ஆண்ட்ராய்டு செயலி ஓடும், பதில்களைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். ஐபோனுக்குச் செயலி கிடையாது, பிரவுசர் படிவம்தான்.

400 பேர் என்றால் வடிவத்துக்குச் சுமார் 100. இரு வடிவங்களுக்கு நடுவே 14 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்ப வேண்டாம், அது தற்செயலாகவும் வரலாம். பட்டறையா ஆலையா என்று மட்டும் பார்த்தால் 200க்கு 200. அங்கே 10 புள்ளி போதும். இந்தக் கணக்கெல்லாம் கோபோவுக்குள் நடக்காது. அதன் அறிக்கைப் பக்கம் விழுக்காட்டைப் பார்ப்பதற்குத்தான் லாயக்கு. எக்செல் கோப்பாக இறக்கி வெளியே செய்ய வேண்டும்.

களவேலை தொடங்கியபின் விடைகளின் குறியீட்டுப் பெயரை, அதாவது கோபோ உள்ளே சேமிக்கும் பெயரை, மாற்றாதீர்கள். ஒரே விடை இரண்டு பெயரில் எண்ணப்படும். எழுத்துப்பிழையைத் திருத்துவதானால் மக்கள் பார்க்கும் தமிழ் வாசகத்தில் மட்டும் திருத்துங்கள்.