கிழக்கு ஆப்பிரிக்காவில் யார் பெரிய அணி? உகாண்டா, கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா ஒப்பீடு

உகாண்டா, கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா. இந்த நான்கில் ஒன்றுகூட இதுவரை உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவா கானாவா என்று சண்டை வந்தால் எடுத்துப் போட உலகக் கோப்பைக் கணக்கு இருக்கிறது. இங்கே கையில் இருப்பது இரண்டுதான்: ஒன்று ஆப்பிரிக்கக் கோப்பை, இன்னொன்று அக்கம்பக்கத்து நாடுகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் செகாஃபா கோப்பை. எதை வைத்து அளக்கிறோமோ அதைப் பொறுத்து முதலிடம் மாறிவிடும்.

என் ஓட்டு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாற்றுக்கு உகாண்டா, இன்றைய நிலவரத்துக்குத் தான்சானியா. கென்ய ரசிகர்கள் கோபப்படலாம். எத்தியோப்பிய ரசிகர்கள் கட்டாயம் கோபப்படுவார்கள். சூடானும் செகாஃபா உறுப்பினர்தான், 1970-ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணியும்கூட. ஆனால் அதன் கால்பந்து உறவுகள் பெரும்பாலும் அரபு நாடுகளோடு என்பதால் இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை.

முதலில் அக்கம்பக்கத்துக் கணக்கு. 1926-ல் நைரோபியில் கென்யாவும் உகாண்டாவும் மோதியதில் தொடங்குகிறது இது. கோப்பைக்குக் காசு கொடுத்தது காசேஜ் என்ற பிரிட்டிஷ் சோப்புக் கம்பெனி. அதனால் பெயரே காசேஜ் கோப்பை. முதல் ஆட்டம் 1-1 என டிரா, மறு ஆட்டத்தில் கென்யாவுக்கு 2-1 வெற்றி. பிறகு தங்கனீக்காவும் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) சான்சிபாரும் (இன்று தான்சானியாவின் தீவுப் பகுதி) வந்து சேர்ந்தன. பல பெயர் மாறி 1973-ல் அது செகாஃபா கோப்பை ஆனது. அன்றிலிருந்து 2019 வரை உகாண்டா 15 முறை வென்றிருக்கிறது. கென்யா 7, எத்தியோப்பியா 4, தான்சானியா 3. சான்சிபாரே தனி அணியாக வந்து 1995-ல் ஒரு முறை வாங்கிப் போயிருக்கிறது. மற்ற மூன்று நாடுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால்கூட உகாண்டாவைத் தாண்ட முடியவில்லை.

அப்படியானால் விஷயம் முடிந்ததா? இல்லை. செகாஃபா பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் நடக்கும் போட்டி. ஐரோப்பாவில் ஆடும் வீரர்களை அவர்களுடைய கிளப்புகள் அப்போது விடாது. ஆகவே உள்ளூர் லீக் வீரர்கள்தான் வருவார்கள். அங்கே வெல்வது உள்நாட்டு லீக்கின் ஆழத்தைக் காட்டுமே தவிர, தேசிய அணியின் முழுப் பலத்தை அல்ல. உள்நாட்டு லீக் வீரர்களுக்கு மட்டுமே நடக்கும் சான் போட்டிக்கும் 2011 முதல் உகாண்டா விடாமல் தகுதி பெற்று வந்திருக்கிறது. ஆனால் அங்கே போனபிறகு பெரிதாக எதுவும் நடந்ததில்லை. ஊரில் ராஜா, வெளியே சாதாரண ஆள் என்று கென்யர்கள் கிண்டலடிக்க இது ஒன்று போதும்.

சரி, வெளியே போய் யார் என்ன செய்தார்கள்?

கோப்பை என்று பார்த்தால் எத்தியோப்பியாவிடம் மட்டும்தான் இருக்கிறது. 1962-ல் அடிஸ் அபாபாவில், இறுதி ஆட்டத்தில் எகிப்தைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று வீழ்த்திய அணி அது. கேப்டன் லூச்சானோ வசால்லோ அஸ்மராவில் பிறந்தவர், அப்பா இத்தாலியர். தம்பி இத்தாலோவும் அதே அணியில். பேரரசர் ஹைலே செலாசி கையால் கோப்பையை வாங்கினார் லூச்சானோ. அந்த அணியை உருவாக்கிய யிட்னெகாச்சு டெசெமா பின்னால் 1972 முதல் 1987 வரை ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கிய நாடுகளில் எத்தியோப்பியாவும் ஒன்று.

பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 1962-ல் வந்த அணிகள் மொத்தம் 4. எத்தியோப்பியா ஆடியது 2 ஆட்டம்: துனிசியாவோடு அரையிறுதி, எகிப்தோடு இறுதி. இரண்டும் சொந்த ஊரில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, மற்றவர்கள் மூச்சு வாங்கும் உயரத்தில். அதற்கு முன் 1957-ல் இறுதிக்குப் போனதோ, நிறவெறிக் கொள்கையால் தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டதால் ஆடாமலே கிடைத்த இடம். இறுதியில் எகிப்திடம் 0-4. போட்டி பெரிதாகப் பெரிதாக எத்தியோப்பியா சிறிதானது. 1982-க்குப் பிறகு மறுபடி தகுதி பெற 2013 வரை 31 வருஷம் ஆயிற்று.

இப்போது 1978-ஐ எடுத்துக்கொள்வோம். கானாவில் நடந்த போட்டி, 8 அணிகள். உகாண்டா அதற்கு முன் 4 முறை போயிருந்தும் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. யாரும் பொருட்படுத்தாத அணி. முதலில் காங்கோவை 3-1 என்று வென்றார்கள். துனிசியாவிடம் 1-3 தோல்வி. அடுத்து மொராக்கோ. 1976-ல் கோப்பையை வென்று நடப்புச் சாம்பியனாக வந்த மொராக்கோ. அதை 3-0 என்று அடித்து வெளியே அனுப்பினார்கள். அரையிறுதியில் நைஜீரியா 2-1. இறுதியில்தான் கானாவிடம் 0-2; இரண்டு கோலும் ஒப்போக்கு அஃப்ரியே போட்டது. கானாவுக்கு அது மூன்றாவது பட்டம், பழைய கோப்பையை நிரந்தரமாகவே எடுத்து வைத்துக்கொண்டது. உகாண்டாவின் ஃபிலிப் ஒமொண்டி 3 கோல்களோடு அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார். ஒரே போட்டியில் நடப்புச் சாம்பியனையும் நைஜீரியாவையும் அந்நிய மண்ணில் வீழ்த்தியது, சொந்த மண்ணில் இரண்டு ஆட்டத்தில் வாங்கிய கோப்பையைவிடக் கனமானது என்பது என் கட்சி. கோப்பை கோப்பைதானே என்பவர்களோடு வாதாடிப் பயனில்லை.

அந்த அணி அப்புறம் என்ன ஆயிற்று என்பதில்தான் கிழக்கு ஆப்பிரிக்காவின் அரசியலும் கால்பந்தும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. 1978 மார்ச்சில் இறுதி ஆட்டம். அதே வருஷம் அக்டோபரில் உகாண்டா அதிபர் இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது. 1979 ஏப்ரலில் தான்சானியப் படை கம்பாலாவைப் பிடித்தது. அமீன் ஓடினார், நாடு வருஷக்கணக்கில் கலவரத்தில் கிடந்தது. 1980-ல் நைஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு முதல்முறையாகப் போனது, போரில் ஜெயித்த தான்சானியா! சாம்பியாவின் என்டோலாவில் பீட்டர் டினோ அடித்த கோலைத் தான்சானியாவில் வயதானவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தகுதியைத் தந்த கோல் அது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாடுகளுமே அதற்குப் பிறகு காத்திருந்தது ஒரே அளவு காலம். உகாண்டா 1978-லிருந்து 2017 வரை 39 வருஷம். தான்சானியா 1980-லிருந்து 2019 வரை, அதுவும் 39 வருஷம்.

உகாண்டாவின் காத்திருப்பு அதிகம் வலித்திருக்கும். பல முறை வாசல் வரை வந்து திரும்பினார்கள். 2011 அக்டோபர், கம்பாலாவின் நம்பூலே மைதானம், கடைசித் தகுதி ஆட்டம். வென்றால் உள்ளே. எதிரே வந்தது, 1926-ல் முதல் ஆட்டம் ஆடிய அதே கென்யா. 0-0. அங்கோலா வேறிடத்தில் வென்று இடத்தைத் தட்டிக்கொண்டு போனது. கடைசியில் 2016 செப்டம்பரில், அதே நம்பூலேயில், கொமோரோஸுக்கு எதிராக ஃபரூக் மியா போட்ட ஒரே கோலில் கதவு திறந்தது. பயிற்சியாளர் செர்பியாவின் மிச்சோ. கோலில் நின்றவர் டெனிஸ் ஒன்யாங்கோ, ஆப்பிரிக்காவுக்குள் ஆடும் வீரர்களில் சிறந்தவர் என்ற 2016 விருதை வாங்கியவர்.

இனி கென்யா. இந்த நான்கில் மிகவும் ஏமாற்றம் தரும் அணி என்றால் தயங்காமல் கென்யாவைச் சொல்வேன். காரணம் அவர்களிடம் திறமை இல்லாதது அல்ல, இருந்ததுதான். மெக்டொனால்டு மாரிகா 2010-ல் இன்டர் மிலான் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அந்த அணியில் இருந்தார். அவர் தம்பி விக்டர் வன்யாமா, செல்டிக்குக்காக பார்சிலோனாவுக்கு எதிராகத் தலையால் முட்டிப் போட்ட கோல் உலகமே பார்த்தது. பிறகு சவுதாம்ப்டன், டாட்டன்ஹாம். டெனிஸ் ஒலியெச் பிரான்சில் நாந்த், ஒசேர் என்று ஆடினார். மைக்கேல் ஒலுங்கா 2020-ல் ஜப்பான் லீக்கில் 28 கோல் அடித்து அந்த வருஷத்தின் சிறந்த வீரரானார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இப்படிப் பெயர் எடுத்தவர்களின் பட்டியல் உகாண்டாவிடம் கிடையாது.

கிளப் பக்கம் பார்த்தால் 1987-ல் கோர் மஹியா, உள்நாட்டுக் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான ஆப்பிரிக்கப் போட்டியின் (கப் வின்னர்ஸ் கப்) பட்டத்தையே வாங்கியது. அதே வருஷம் நைரோபியின் கசரானி மைதானத்தில் அனைத்து ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியின் இறுதிக்குப் போன தேசிய அணி எகிப்திடம் 0-1 என்று தோற்றது. இத்தனையும் இருந்து, ஆப்பிரிக்கக் கோப்பைக்கு 6 முறை போய் வென்றது 2 ஆட்டம். 2004-ல் புர்கினா ஃபாசோவை, 2019-ல் தான்சானியாவை. குழுச் சுற்றைத் தாண்டியதே இல்லை.

கோளாறு மைதானத்தில் இல்லை, சங்க அலுவலகத்தில். 2004, 2006, 2022 என மூன்று முறை ஃபிஃபா தடை. 2021 கடைசியில் அரசாங்கம் கால்பந்துச் சங்கத்தைக் கலைக்க, ஃபிஃபா கதவைச் சாத்த, 2023 கோப்பைக்கான தகுதிச்சுற்றிலிருந்தே கென்யா நீக்கப்பட்டது. ஒலுங்கா போன்ற வீரரின் நல்ல வருஷங்கள் அப்படிக் கரைந்தன. 1996 ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கென்யாவுக்குத்தான் முதலில் வந்தது, பறிபோய்த் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. 2018 சான் போட்டியும் அப்படியே மொராக்கோவுக்குப் போயிற்று. மைதானம் சரியில்லாததால் 2024-ல் கேமரூனோடு ஆட வேண்டிய ‘உள்ளூர்’ ஆட்டத்தைக் கென்யா ஆடியது கம்பாலாவில், அதாவது பரம எதிரியின் வீட்டில்.

தான்சானியா இதற்கு நேர் எதிர். பழைய பெருமை என்று சொல்ல அதிகம் இல்லை. நட்சத்திரம் என்றால் ம்ப்வானா சமாட்டா ஒருவர்தான்: காங்கோ ஜனநாயகக் குடியரசின் மசெம்பே கிளப்போடு 2015 ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக், பெல்ஜியத்தில் கெங்க், பிறகு ஆஸ்டன் வில்லா. சான்சிபார் விவகாரம் வேறு ஒரு தலைவலி. 2017 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு சான்சிபாரைத் தனி உறுப்பினராக்கி, ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்த டிசம்பரில் அதே சான்சிபார் செகாஃபா இறுதிக்குப் போய் கென்யாவிடம் பெனால்டியில்தான் தோற்றது.

ஆனால் தாருஸ்ஸலாமில் இரண்டு கிளப்புகள் இருக்கின்றன: சிம்பா, யாங்கா. இந்த இரண்டும் மோதினால் 60,000 பேர் கொள்ளும் பெஞ்சமின் ம்காபா மைதானம் நிரம்பிவிடும். கூட்டம் இருப்பதால் விளம்பரம், விளம்பரம் இருப்பதால் அசாம் என்ற தான்சானியத் தொலைக்காட்சியின் ஒளிபரப்புப் பணம், பணம் இருப்பதால் வெளிநாட்டு வீரர்கள். உகாண்டாவின் எம்மானுவேல் ஒக்வி பெயர் எடுத்தது சிம்பாவில். உகாண்டா கேப்டன் காலித் அவுச்சோ ஆடியது யாங்காவில். 2023-ல் யாங்காவும் 2025-ல் சிம்பாவும் கிளப்புகளுக்கான ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி வரை போயின. இரண்டுமே தோற்றன, அது வேறு. ஆனால் வருஷா வருஷம் அல்ஜீரிய, மொராக்கோ கிளப்புகளோடு மோதிப் பழகிய ஆட்கள்தான் தேசிய அணியிலும் நிற்கிறார்கள். கென்யாவில் திறமை வெளியூருக்கு ஏற்றுமதியானது. தான்சானியாவில் உள்ளூரிலேயே அதற்குச் சம்பளம் கிடைக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

நேருக்கு நேர் பார்க்க வசதியான வருஷம் 2019. ஆப்பிரிக்கக் கோப்பை 16 அணியிலிருந்து 24 ஆக, எத்தியோப்பியா தவிர மற்ற மூன்று நாடுகளும் ஒன்றாக எகிப்து போயின. தான்சானியா மூன்றிலும் தோல்வி. கென்யா தான்சானியாவை 3-2 என்று வென்று, அல்ஜீரியாவிடமும் செனகலிடமும் அடிவாங்கி வீடு திரும்பியது. உகாண்டா மட்டும் காங்கோ ஜனநாயகக் குடியரசை 2-0 என்று வென்று நாக்-அவுட் போய், செனகலிடம் மானேயின் ஒரு கோலில் வெளியேறியது. பழைய வரிசை அப்படியே இருந்தது.

2025 கோப்பையில் அது தலைகீழானது. மொராக்கோவில் உகாண்டாவும் தான்சானியாவும் ஒரே குழுவில், நைஜீரியா, துனிசியாவோடு. இருவரும் மோதியது 1-1. உகாண்டா ஒரு புள்ளியோடு கடைசி. தான்சானியா துனிசியாவையும் டிராவில் நிறுத்தி, இரண்டே புள்ளியில் முதல்முறையாக நாக்-அவுட் சுற்றுக்குப் போய், மொராக்கோவிடம் 0-1 என்று தோற்றது. இதில் ஒரு வினோதம்: 1980 முதல் இதுவரை 4 கோப்பைகள், 13 ஆட்டங்கள், தான்சானியா ஒன்றைக்கூட வென்றதில்லை. ஒரு வெற்றியும் இல்லாமல் கடைசி பதினாறுக்குப் போன அணியை ‘இன்றைய நம்பர் ஒன்’ என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடைசி இரண்டு கோப்பைகளில் சாம்பியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, உகாண்டா, துனிசியா என்று நான்கு பேர் அவர்களை வெல்ல முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். 2019-ல் நிலைமை அப்படி இல்லை.

கென்யாவை முழுக்க எழுதித் தள்ளிவிடவும் முடியாது. 2025 ஆகஸ்டில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து நடத்திய சான் போட்டியில், பென்னி மெக்கார்த்தி பயிற்சியில், பின்னர் பட்டத்தையே வென்ற மொராக்கோவை 1-0 என்று தோற்கடித்துக் குழுவில் முதலிடம் பிடித்தார்கள். பிறகு காலிறுதியில் மடகாஸ்கரிடம் பெனால்டியில் போயிற்று. உகாண்டா செனகலிடம், தான்சானியா மொராக்கோவிடம், அவர்களும் காலிறுதியிலேயே.

2027 ஆப்பிரிக்கக் கோப்பையும் இந்த மூவர் மண்ணில்தான். நடத்தும் நாடுகள் என்பதால் மூவருக்கும் இடம் உறுதி. அதில் யாராவது அரையிறுதிக்குப் போனால் 1978-க்குப் பிறகு முதல் முறையாக இருக்கும். பந்தயம் கட்டச் சொன்னால் தான்சானியா மீது கட்டுவேன், முதல் வெற்றி குழுச் சுற்றிலேயே வரும் என்ற நம்பிக்கையில். கோப்பை வைத்திருக்கும் எத்தியோப்பியா மட்டும் தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வர வேண்டும்.