முதலிலேயே எழுதுவதா, மெமோ வந்தபின் விளக்குவதா?

அரசு அலுவலகத்தில் எடுத்த முடிவுக்கு மேலதிகாரியிடம் காரணம் சொல்ல இரண்டு வழி உண்டு. முடிவெடுக்கும்போதே கோப்பில் குறிப்பு எழுதலாம். இல்லையென்றால், மெமோ வந்த பிறகு விளக்கக் கடிதம் கொடுக்கலாம்.

இரண்டாவதில் சௌகரியம் உண்டு. நிதானமாக யோசிக்கலாம், விதிகளைப் புரட்டலாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டித் திருத்தலாம். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில், சிறு தண்டனைக்கான 17-ஏ குறிப்பாணை (மெமோ) என்றால் பெரும்பாலும் எழுத்து விளக்கத்தோடு போகும். பெரிய தண்டனைக்கான 17-பி என்றால் குற்றச்சாட்டு, விசாரணை அதிகாரி, சாட்சி என்று நீளும். ஆனால் அப்போது எதை எழுதினாலும், தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் படிப்பார்கள்.

கோப்புக் குறிப்புக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தேதியும் சுருக்கொப்பமும் கூடவே இருக்கும். "மூன்று விலைப்புள்ளிகள் வந்தன, குறைந்த விலை கொடுத்தவரின் உரிமம் காலாவதி, எனவே இரண்டாமவர் பரிந்துரைக்கப்படுகிறார்." இவ்வளவு போதும். 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டித்தான்: ஓர் உத்தரவை அதில் உள்ள காரணங்களை வைத்தே எடைபோட வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது.

வாய்மொழி உத்தரவுதான் சிக்கல். "பண்ணிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பவர் கையெழுத்துப் போட மாட்டார். அதையும் பதிவு செய்யச் சொன்னது 2013-ல் வந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குத் தீர்ப்பு. எழுதினால் முறைப்பார்கள், சரி. இருந்தாலும் என் ஓட்டு குறிப்புக்கே. அப்புறம், 'பேசியபடி' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யார், எப்போது பேசினார் என்பதையும் சேருங்கள்.